மஹிந்திரா தார் வண்டியில் வெளியே வாங்கிப் போட்ட ஹார்டு டாப் (கெட்டியான கூரை), மழையில் கால்மாட்டில் ஒழுகுகிறது. எப்படிச் சரிசெய்வது?

சிலிக்கான் டியூபை வாங்கிக் கண்ட இடத்தில் எல்லாம் பூசாதீர்கள், முதலில் தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சொட்டுகிற இடம் வேறாக இருக்கலாம். முன்கண்ணாடி ஃபிரேமுக்கு மேலே நுழைந்து, உள்விளிம்போடு ஓடிக் கால்மாட்டில் விழும். வண்டி நன்றாகக் காய்ந்ததும் ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக வரவேண்டும்.

அப்புறம் டாப்புக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாளை வைத்து, போல்ட்டை இறுக்கி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அங்கே ரப்பர் பீடிங் (விளிம்பை அடைக்கும் பட்டை) அழுந்தவில்லை. கையால் வார்த்த ஃபைபர் டாப்பின் விளிம்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, மூலைகளை நன்றாகப் பாருங்கள். அங்கே இன்னும் தடிமனான இபிடிஎம் (வெயில், மழை தாங்கும் ரப்பர்) பீடிங் போடுங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பாடியைத் துருப்பிடிக்க வைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரே இடத்தில் முறுக்கினால் ஃபைபர் விரிசல் விடும்.

கழற்றவே போகாத பக்கக் கண்ணாடி இணைப்புக்கு மட்டும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் பூசுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இரும்பில் படக் கூடாது, அரித்துவிடும். தரை விரிப்பையும் தூக்கிக் காயவையுங்கள்.