நியூ ஜெர்சியில் சாவிக்கு முன் வாங்க வேண்டிய காகிதம்

"ஒன்றாம் தேதி குடிவந்துவிடுங்கள், இன்ஸ்பெக்‌ஷன் அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறார் ஓனர், சம்மதிக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழைய ஆள் காலி செய்து புது ஆள் குடிவரும் இடைவெளியில் நடக்க வேண்டிய சோதனை அது. நீங்கள் கட்டில் போட்ட பிறகு ஏதாவது தேறவில்லை என்றால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

நீங்கள் பார்த்திருப்பது இரண்டு குடும்ப வீட்டின் மாடி. நியூ ஜெர்சியில் அப்படிப்பட்ட வீட்டில் வாடகைக்கு ஆள் மாறும்போதெல்லாம் ஸ்மோக் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் மூன்றுக்கும் சேர்த்துச் சான்றிதழ் வேண்டும். இது மாநில விதி. சான்றிதழ் வாங்கி ஆறு மாதத்துக்குள் யாரும் குடிவரவில்லை என்றால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மேல் பல ஊர்கள் வீடு முழுவதையும் பார்த்து 'சி.ஓ.' (குடியிருப்புச் சான்றிதழ்) அல்லது 'சி.சி.ஓ.' (தொடர் குடியிருப்புச் சான்றிதழ்) தருகின்றன. அதைக் கட்டடப் பிரிவு பார்க்குமா, சுகாதாரப் பிரிவா என்பது ஊருக்கு ஊர் மாறும். முனிசிபாலிட்டிக்குப் போன் போட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தீயணைப்பான். வீட்டில் இருந்தால் போதாது. சமையலறையிலிருந்து 10 அடிக்குள், வெளியேறும் வழியில், கண்ணில் படும்படி கொக்கியில் தொங்க வேண்டும். அதன் தலை தரையிலிருந்து 5 அடிக்கு மேல் போகக் கூடாது. எடை 10 பவுண்டுக்குள், தரம் குறைந்தது 2ஏ:10பி:சி (எந்த வகைத் தீயை எவ்வளவு அணைக்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் குறி). 12 மாதத்துக்குள் வாங்கிய ரசீதோ சர்வீஸ் செய்த சீட்டோ வேண்டும். சிங்க்குக்கு அடியில் பினாயிலோடு கிடந்தால் ஃபெயில்.

ஸ்மோக் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் செல்லாது, பட்டனை அழுத்தினால் கத்தினாலும் சரி. பேட்டரியில் ஓடுவது என்றால் 10 வருட சீல் வைத்த வகையாக இருக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரி மாற்றும் பழைய வகையை 2019 ஜனவரியிலிருந்து ஏற்பதில்லை. பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஒன்று, படுக்கையறைக்கு வெளியே 10 அடிக்குள் ஒன்று. சீலிங்குக்கு அடித்த பெயின்ட் அலாரத்தின் மேலும் படிந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

வீடு 1978க்கு முன் கட்டியதா? அப்படியானால் ஈயப் பெயின்ட் சோதனையும் உண்டா என்று கேளுங்கள், குழந்தை இருந்தால் கட்டாயமாக. 2022 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம் இது. தேறினால் தரும் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதன் நகலை லீஸோடு இணைத்துத் தர வேண்டியது ஓனர் பொறுப்பு. ஜன்னலை ஏற்றி இறக்கும்போது ஃபிரேம் உரசிப் பெயின்ட் தூளாக உதிரும். ஜன்னல் விளிம்பை விரலால் தடவினாலே தெரியும்.

கீழே பேஸ்மென்டைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று இழுத்தால் மயங்காதீர்கள். ஆள் ஏறி வெளியேறும் அளவு ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சட்டத்துக்குப் புறம்பான குடியிருப்பு என்று முனிசிபாலிட்டி காலி செய்யவைத்தால், ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகையை ஓனர் உங்களுக்குத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதை வாங்க நீங்கள் கோர்ட் ஏற வேண்டி வரலாம்.

இத்தனையும் பாதுகாப்புச் சோதனைதான். கரப்பான், கார்ப்பெட் கறை, ஓவன் சூடாகிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் வரும் இன்ஸ்பெக்டருக்கு ஹீட்டர் லட்சணம் தெரியாது. தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டு ஒவ்வொரு அறையிலும் சூடு வருகிறதா என்று பாருங்கள். அக்டோபர் 1 முதல் மே 1 வரை பகலில் 68 டிகிரி, இரவு 11 முதல் காலை 6 வரை 65 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும்.

ஓனருக்கு வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெயிலில் எழுதுங்கள்: "சான்றிதழ் நகல் வந்ததும் டெபாசிட் அனுப்புகிறேன்." டெபாசிட் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்டால் அதையும் அதே மெயிலில் மறுத்துவிடுங்கள்.