மருத்துவர் பதில்கள்: தலையாட்டல் சம்மதம் ஆகாது

கேள்வி: நான் அரசாங்க கிளினிக் ஒன்றில் தாதியாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் வரும் தோட்ட மக்களில் பலருக்கு இனிப்பு நீர் உள்ளது. எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே சர்க்கரை அளவோடு திரும்பி வருகிறார்கள். 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்ற முறையைப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் அது நடக்கிற காரியமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நடக்கும். அறிவுரைக்கு இப்போது செலவாகும் அதே நிமிடங்கள் போதும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு 1983-இல் இம்முறையை முதன்முதலில் எழுதினார். ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991-இல் நூலாக விரித்தார். மாற வேண்டும் என்ற எண்ணமும் இப்படியே இருந்துவிடலாம் என்ற எண்ணமும் ஒரே மனத்தில் குடியிருக்கின்றன. நாம் முதலாவதற்காக வாதாடினால், நோயாளி இரண்டாவதற்காக வாதாடத் தொடங்கி, பேசப் பேச அதையே உறுதியாக நம்பியும் விடுகிறார் என்பதே இதன் அடிப்படை. நம் தோட்டத்துப் பெரியவர்கள் வாய்விட்டு வாதாடுவதில்லை. கிராணிக்கும் (தோட்ட எழுத்தர்) டிரெசருக்கும் (தோட்ட மருத்துவ உதவியாளர்) முன்னால் கைகட்டி நின்று பழகிய தலைமுறை அது. ஆகவே, அந்தத் தலையாட்டலைப் பல வேளைகளில் மரியாதையான மறுப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

செம்பனைக் குலை அறுக்கும் ஒருவர் காலையில் கட்டிப்பால் கலந்த தேநீரை இரண்டு மூன்று குவளை குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இனிப்பைக் குறைங்கண்ணே" என்று தொடங்காமல், "தேத்தண்ணி இல்லாம காலை வேலை எப்படிண்ணே இருக்கும்?" என்று கேளுங்கள். "வெறும் வயித்துல போனா கை நடுங்கும்மா" என்பார். உடனே திருத்தத் துடிக்கும் நாவை அடக்கிக்கொண்டு, "வேலைக்குத் தெம்பு வேணுமேன்னு குடிக்கிறீங்க" என்று அவர் சொன்னதன் பொருளை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். தம்மைப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்தபின், "ஆமாம்மா, ஆனா கால்ல குத்துன முள்ளுப் புண்ணு இன்னும் ஆறல, அதான் பயமா இருக்கு" என்று அவராகவே மறுபக்கத்தைத் திறக்கக்கூடும். நாம் தேடுவது அந்தச் சொற்களைத்தான், அங்கே நின்று, "என்ன பயம்ணே?" என்று மேலும் கேளுங்கள். அந்தப் புண்ணை அன்றே பார்த்துவிட வேண்டும் என்பதையும், கை நடுக்கம் மருந்தினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்வதன் அறிகுறியா என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் நான் நினைவூட்டத் தேவையில்லை.

நேரம் மிகக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும். இனிப்பைக் குறைப்பது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரையில் ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். அவர் 5 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள், தடைகளைத்தான் அடுக்குவார். "ஏன் 2 இல்லாம 5?" என்று கேட்டால், மாறுவதற்கான காரணங்களைத் தம் வாயாலேயே சொல்வார். பிறகு, "ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டு ஒன்றை மட்டும் சொல்லி, அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டு நிறுத்துங்கள்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்தக் கவலையில்தான் நாம் அதட்டுகிறோம். ஆனால், நாம் நினைத்ததை நோயாளி வாயால் சொல்ல வைக்கும் தந்திரமாக இம்முறையைக் கையாண்டால் அவர் அதைக் கண்டுகொள்வார். முடிவு அவருடையது என்பதை நீங்கள் உண்மையிலேயே ஏற்க வேண்டும்.

கேள்வி: என் அப்பா தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிறார். ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் நானே வீட்டில் பேசிப் பார்க்கலாமா?
— வாசகி, பீடோர்

பதில்: பேசலாம், ஆனால் அவர் குடித்திருக்கும்போது வேண்டாம். தெளிவாக இருக்கும் காலையில், "குடிக்கிறதுல உங்களுக்கே பிடிக்காதது என்னப்பா?" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். நிறுத்துகிறேன் என்று அவரே சொன்னால், முதலில் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.