தீவனத்தில் பெண் ஹார்மோனா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 16 பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாகப் பாதிக்கு மேல் சினை நிற்கவில்லை. குதிரைமசால் (லூசர்ன்) குச்சித் தீவனம் கொடுக்கிறேன். அதில் பெண் ஹார்மோன் இருக்கிறது, அதுதான் காரணம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நிறுத்திவிடவா?
– ஆடு வளர்ப்பவர், நிபோங் தெபால்

பதில்: உங்கள் நண்பர் கட்டுக்கதை சொல்லவில்லை ஐயா. ஆனால் உங்கள் கொட்டகையில் நடப்பது அது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஆடு வைத்திருக்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தடி குளோவர் என்ற பயறு வகைத் தீவனப் பயிரை ஏக்கர் ஏக்கராக விதைத்தார்கள். குளோவர் நன்றாக வந்தது, செம்மறிகளும் கொழுத்தன, ஆனால் வருஷத்துக்கு வருஷம் குட்டி குறைந்துகொண்டே போனது. ஈனும் ஆடுகளுக்குப் பிரசவம் சிக்கலானது, சிலவற்றுக்குக் கருப்பை வெளியே தள்ளியது, கிடாவையே பார்க்காத பெட்டைக்கு மடி இறங்கியது, காயடித்த கிடாக்களுக்குக்கூடக் காம்பு பெருத்துப் பால் கசிந்தது. பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூவர் 1946ல் இதை எழுதி வெளியிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு புல்வெளியே மந்தையை மலடாக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் குற்றவாளி எந்தப் பொருள் என்று தேடினார்கள். 1951ல் குளோவரிலிருந்து ஜெனிஸ்டீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எலிக்குக் கொடுத்தால் எலியின் கருப்பை பருத்தது, ஆக இதுதான் என்று முடிவு கட்டினார்கள். அது தப்பு. அதே இலையில் ஃபார்மோனோனெட்டின் என்று இன்னொரு பொருள் இருக்கிறது, எலியில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் செம்மறி வயிற்றில் கதை தலைகீழ். அசைபோடும் பிராணியின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனைச் சில நாள் பழக்கத்திலேயே உடைத்து வீரியமில்லாத பொருளாக்கிவிடுகின்றன. ஃபார்மோனோனெட்டினையோ முதலில் டைட்சீனாகவும் பிறகு ஈக்குவாலாகவும் மாற்றுகின்றன, அந்த ஈக்குவால்தான் ரத்தத்தில் ஏறி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலையைச் செய்கிறது. எலியை மட்டும் பார்த்தால் நிரபராதி, செம்மறியில் அதுதான் குற்றவாளி. செடியில் என்ன இருக்கிறது என்பதோடு அது யார் வயிற்றில் போய் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

இதில் மனசைப் பிசைவது என்னவென்றால், பல பருவம் தொடர்ந்து மேய்ந்த ஆட்டுக்கு அந்தக் கெடுதல் திரும்பவே இல்லை. கருப்பை வாயின் உள்ளே இருக்கும் மடிப்புகள் அழிந்து அது கருப்பையைப் போலவே மாறிவிடுகிறது, கெட்டியாக இழுபட வேண்டிய சளி தண்ணீராக ஓடுகிறது, விந்து தங்கி மேலே ஏற இடமில்லை. ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பருவத்துக்கும் வரும், கிடாவோடும் சேரும், ஆனால் சினை நிற்காது. ஆஸ்திரேலியர்கள் கடைசியில் டுவால்கனப், யார்லூப், டினினப் போன்ற பழைய ரகங்களை விட்டுவிட்டு ஃபார்மோனோனெட்டின் குறைந்த ரகங்களை உருவாக்கினார்கள்.

சரி, உங்கள் குதிரைமசாலுக்கு வருவோம். அதுவும் பயறு வகைதான், ஆனால் அதில் இருப்பது கூமஸ்ட்ரால் என்ற வேறு பொருள், 1957ல் கலிபோர்னியாவில் பிக்காஃப் குழு கண்டுபிடித்தது. சுத்தமான பச்சை இலையில் அது கொஞ்சம்தான். இலையில் பூஞ்சைப் புள்ளி விழுந்தாலோ அசுவினி அடித்தாலோ கிடுகிடுவென ஏறும். அதனால் கருப்புப் புள்ளி விழுந்த, பூசணம் பிடித்த குதிரைமசாலை வாங்காதீர்கள். கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்ல பழக்கம்.

ஆனால் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தேனே, ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி குச்சித் தீவனம், மற்றபடி நேப்பியர் புல், செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. ஆஸ்திரேலியச் செம்மறிகளுக்கு மாதக்கணக்கில் குளோவரைத் தவிர வேறு மேய்ச்சலே இல்லை. நேப்பியர் புல் வகை, பயறு வகை இல்லை, அதில் இந்தக் கவலையே வேண்டாம். நான் பார்த்தது உங்கள் கிடாவின் பின்னங்கால் குளம்பை. செருப்பு மாதிரி நீண்டு முன்னால் வளைந்திருக்கிறது. அந்தக் காலை ஊன்றி அது எப்படி ஏறும் ஐயா? பெட்டைகளில் நாலைந்துக்கு விலா எலும்பைக் கையால் தடவினால் எண்ண முடிகிறது. முதலில் குளம்பை வெட்டுங்கள், மெலிந்தவற்றுக்குத் தனியாகத் தீனி போடுங்கள், ஒரே கிடா எத்தனை வருஷமாக இருக்கிறது, அதன் மகள்களையே அதனோடு விடுகிறீர்களா என்று யோசியுங்கள். கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லி புரூசெல்லா என்ற கருச்சிதைவுக் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிக்க ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தீவனத்தைக் குறை சொல்வது அதற்கெல்லாம் பிறகுதான்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. தினமும் சோயாப் பால் குடிக்கிறான், தெம்பே என்றால் உயிர். பையன்களுக்கு மார்பு வளரும், ஆண்மை போகும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– ஓர் அம்மா, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மேலே சொன்ன அதே ஜெனிஸ்டீனும் டைட்சீனும்தான் சோயாவிலும் இருக்கின்றன, அதனால்தான் இந்தப் பேச்சு வருகிறது. ஆனால் நம் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் இவை மிகவும் பலவீனமானவை. அதோடு மனிதர்களில் மூன்றில் ஒருவரிலிருந்து இருவரில் ஒருவர் வரைக்கும்தான் ஈக்குவாலைத் தயாரிக்கும் குடல் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. செம்மறி மாதிரி எல்லாருக்கும் அது நடப்பதில்லை. வளர்ந்த ஆண்களை வைத்து நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2010ல் அலசினார்கள், சோயா உணவால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையவில்லை. அந்த வயதுப் பையன்கள் பலருக்கு மார்புக் காம்புக்குக் கீழே சின்னதாகக் கட்டி மாதிரி வந்து தானாக மறையும், அது பருவ வளர்ச்சி. வருஷக்கணக்கில் போகாவிட்டாலோ பெரிதாகிக்கொண்டே வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு குவளை, இரண்டு துண்டு தெம்பே என்றால் தாராளமாகக் கொடுங்கள். எனக்குக் கவலை அந்தக் கடைச் சோயாப் பாலில் கொட்டும் சர்க்கரை மேல்தான். வீட்டில் யாராவது தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட்டால் மட்டும் மாத்திரையும் சோயாவும் ஒரே நேரத்தில் வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வதை சோயா குறைக்கும்.

கேள்வி: மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீரென்று எரிகிறது. மருந்துக்கடையில் சிவப்பு குளோவர் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அது மாடு தின்னும் சிவப்பு குளோவரின் சாறுதான் அக்கா, ஃபார்மோனோனெட்டினும் பயோகானின் என்பதும் அதில் உண்டு. 2003ல் அமெரிக்காவில் 252 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், உடல் எரிச்சல் குறைந்த எண்ணிக்கையில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கோ குடும்பத்திலோ மார்பகப் புற்றுநோய் இருந்தால், அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் வேர்த்து நனைந்து எழுந்து உட்காருவது எவ்வளவு சோர்வு என்று தெரியும், அதற்குச் சரியான சிகிச்சைகள் இருக்கின்றன, வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி: செடிக்கு எதற்கு இந்த ஹார்மோன்?
– படிவம் 5 மாணவி, பட்டர்வொர்த்

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. செடி அதை ஆட்டுக்காகச் செய்வதில்லை. பூஞ்சையை எதிர்க்கவும், வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்து பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர்களோடு பேசவும் பயறு வகைகள் இந்த மாதிரிப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அதன் வடிவம் நம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான். நம் ரப்பர் தோட்டங்களில் மரத்துக்குக் கீழே மூடுபயிராகப் படரும் புவேரேரியா கொடியைப் பார்த்திருப்பாய். அதே புவேரேரியா என்ற பெயர் கொண்ட தாய்லாந்துக் கொடி ஒன்றின் கிழங்கை, குவாவ் குருவா என்பார்கள், வயதானவர்கள் இளமைக்காகச் சாப்பிட்டு வந்தார்கள். அதிலிருக்கும் மிரோஎஸ்ட்ரால் என்ற பொருளின் வடிவத்தை 1960ல் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: ஆட்டுக்குப் பெத்தாய் பெலாலாங் வெட்டிப் போடுகிறோம். முடி கொட்டும் என்கிறார்களே?
– புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தமிழ்நாட்டில் சூபாபுல், சவுண்டல் என்று சொல்லும் அதே மரம். இதில் பெண் ஹார்மோன் பிரச்சினை இல்லை, தைராய்டு பிரச்சினை. இலையிலிருக்கும் மிமோசின் முடியை உதிர்க்கும், பெருவயிற்றில் அது டிஹெச்பி என்ற பொருளாக மாறித் தைராய்டைத் தடுக்கும், கழுத்து வீங்கும், எடை ஏறாது. ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதில் அவதிப்பட்டபோது ஹவாய் ஆடுகள் மட்டும் அதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளருக்கு அது உறுத்தியது. ஹவாய் ஆட்டின் வயிற்றில் டிஹெச்பியை உடைக்கும் நுண்ணுயிர் இருந்தது. 1980களில் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள மந்தைகளின் வயிற்றில் சேர்த்தார்கள், மாடுகள் தேறின. பின்னால் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள், சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி.

உங்கள் ஆடுகள் வருஷக்கணக்கில் தின்று நன்றாக இருந்தால் கவலையில்லை. புதிதாக வாங்கி வரும் ஆட்டுக்கு முதல் நாளே ஒரு கட்டு போடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஆடுகளோடு ஒரே தொட்டியில் தின்ன விடுங்கள். அந்த நுண்ணுயிர் பழைய ஆட்டிடமிருந்து புதிய ஆட்டுக்குப் பரவக்கூடியது. முயலுக்கும் குதிரைக்கும் மட்டும் இந்த இலை வேண்டாம், அவற்றுக்குப் பெருவயிறு கிடையாது. குதிரைக்குப் பிடரி முடியும் வால் முடியும் கையோடு வந்துவிடும்.