எஸ்எம்எஸ் ஓடிபியிலிருந்து பாஸ்கீக்கு: டர்பன் வியாபாரிகளின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சிறிய கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். லாகின் பாதுகாப்பு பற்றி நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

சாட்ஸ்வொர்த், மளிகை மொத்த வியாபாரம்: அண்ணா, எங்கள் மெயிலுக்குள் நுழைய எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருகிறதே, அது போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை. ஆனால் நம் நாட்டில் சிம் ஸ்வாப் பெரிய தொல்லை. யாரோ உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்கிறான், ஓடிபியும் அவனுக்கே போகிறது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிக்னல் போனது. லோட்ஷெடிங் நேரம், டவர் நின்றிருக்கும் என்று விட்டுவிட்டார். ராத்திரிக்குள் அவர் மெயிலிலிருந்தே, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிய இன்வாய்ஸ்கள் கடைகளுக்குப் போய்விட்டன. இனிமேல் சிக்னல் போனால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு போனை உடனே பாருங்கள். அதில் சிக்னல் இருந்தால் தாமதிக்காமல் வங்கியைக் கூப்பிடுங்கள்.

ஃபீனிக்ஸ், கேட்டரிங்: ஆதென்டிகேட்டர் ஆப் போட்டால் சரியாகிவிடுமா?

சிம் ஸ்வாப் அதை ஒன்றும் செய்யாது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் போனே கணக்கிடுகிறது, சிக்னல்கூட வேண்டாம். ஆனால் போலிப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால், திருடன் அதை நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் வகை ஆப்பில் இன்னொரு ஆபத்து உண்டு: திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துப்போய் ‘சரி’ அழுத்திவிடுவோம். 2022 செப்டம்பரில் ஊபருக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள்.

டோங்காட், டிரான்ஸ்போர்ட்: பாஸ்கீ என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

தட்டுவதற்கு எண்ணே கிடையாது. ரகசியச் சாவி உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கிறது, விரல் ரேகையோ பின் நம்பரோ அதைத் திறக்கிறது. இணையதளத்திடம் இருப்பது அதன் ஜோடியான பொதுச் சாவி மட்டும்; வந்திருப்பது உங்கள் ரகசியச் சாவிதானா என்று சரிபார்க்கத்தான் அது உதவும். எந்த இணைய முகவரிக்காக உருவாக்கினீர்களோ, அங்கே மட்டும்தான் பாஸ்கீ வேலை செய்யும். நம் கண் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. 2022இல் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். இதே முறையில் இயங்கும் யூஎஸ்பி கீ, அதாவது கணினியில் செருகும் சின்னக் கருவி, கையில் இருந்ததால் கம்பெனி தப்பியது.

அதே சாட்ஸ்வொர்த் அண்ணாச்சி: 12 பேர் வேலை பார்க்கிறார்கள். கவுன்டரில் ஒரே கணினி, சிலரிடம் நல்ல போன் இல்லை.

ஆளுக்கொரு யூஎஸ்பி கீ வாங்கிக் கொடுங்கள், அண்ணாச்சி. அதற்கு முன், எல்லோரும் ஒரே பெயரில் நுழைவதை நிறுத்தித் தனித்தனிக் கணக்கு போடுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் மெயில் நிர்வாகக் கணக்கு, அப்புறம் பணம் அனுப்புகிறவர், அது பழகியதும் மற்றவர்கள். எல்லோரும் மாறியதும் பழைய எஸ்எம்எஸ் வழியை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை திருடனுக்கும் அந்த வழி திறந்தேதான் இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மருந்துக்கடை அக்கா: கீ தொலைந்துபோனால்?

ஆரம்பத்திலேயே ஆளுக்கு இரண்டு பதிவு செய்யுங்கள் அக்கா, இரண்டாவது கடைப் பெட்டகத்தில் இருக்கட்டும். கீ இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளையும் அச்சடித்து அதனுடனே வையுங்கள். ‘நான்தான் பேசுகிறேன், கீ தொலைந்துவிட்டது’ என்று யார் போன் செய்தாலும், நேரில் பார்க்காமல் புதிதாகப் பதிவு செய்து கொடுக்காதீர்கள். பூட்டை உடைக்க முடியாதவன் இந்த வழியாகத்தான் வருவான்.

அதே அக்கா: பணியாளர் விரல் ரேகையை நாங்கள் வைத்திருப்பதாக ஆகுமா? தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இருக்கிறதே.

ஆகாது. ரேகை அந்தக் கருவியை விட்டு வெளியே போவதே இல்லை.

ஃபீனிக்ஸ், கேட்டரிங்: மாற்றிய பிறகு ஸ்கேனரிலிருந்து மெயில் போகவில்லையே!

பழைய இயந்திரங்களுக்கு வெறும் பாஸ்வேர்டில் நுழையத்தான் தெரியும். அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டாம், தம்பி. ஸ்கேன் செய்வதை இப்போதைக்கு ஒரு ஃபோல்டரில் சேமிக்க வையுங்கள். கடையில் தானாக மெயில் அனுப்பும் கருவிகள் வேறு என்னென்ன என்று எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.