சொட்டு மருந்து இல்லாமல் மூக்கு திறப்பதில்லை என்றவருக்கு

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஒரு மாதமாக நிறுத்த முடியவில்லை, இதற்கு அடிமையாகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். மன்னார்குடிப் பக்கம் கடை நடத்தும் மருந்தாளுநர். கடைக்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் மருத்துவர் சீட்டு இல்லாமலே எங்கள் கையிலிருந்து போகும் மருந்து இது என்பதால், பேச வேண்டிய பொறுப்பு எங்களுக்கே முதலில் இருக்கிறது.

மூக்கின் உட்சவ்வில் புடைத்திருக்கும் இரத்தக் குழாய்களை இம்மருந்து சுருக்குவதால் சில நிமிடங்களில் மூச்சு சீராகிறது. ஆனால் 5 அல்லது 7 நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் அடங்கியதும் அக்குழாய்கள் மறுபடி புடைத்துக்கொள்கின்றன. உங்களுக்கு வந்த சளி எப்போதோ போயிருக்கும். இப்போதுள்ள அடைப்பு மருந்தே உண்டாக்கியதாக இருக்கலாம்.

சம்பா அறுவடைத் தூசியிலும், கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த தை மாதப் பனியிலும் மூக்கடைத்துப்போன விவசாயி ஒருவர், வேறொரு கடையில் இதை வாங்கத் தொடங்கியிருக்கிறார். பங்குனியில் என் கடைக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து நுனி பழுப்பேறிய காலிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, "தம்பி, இது இல்லாவிட்டால் வாயால்தான் மூச்சு விடுகிறேன்" என்றார். அவர் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர். இந்த மருந்து அதையும் ஏற்றக்கூடும் என்பதால் நான் தர மறுத்தேன். கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் நான் சொன்னபடி தஞ்சாவூரில் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தார். அவர் மூக்கின் உள்வீக்கத்தைக் குறைக்கும் புளூட்டிகாசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர்ச் சொட்டும் எழுதிக்கொடுத்து, முதலில் ஒரு துளையில் மட்டும் பழைய மருந்தை நிறுத்தச் சொன்னார். அந்தத் துளை திறந்துகொண்ட பிறகே மற்றதிலும் நிறுத்தினார். இடையில் சில இரவுகள் அவர் உட்கார்ந்தே விடிய வேண்டியிருந்தது.

அவருக்கு முதல் புட்டியை விற்றவர், இதை ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த எச்சரிக்கை பெட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது; அந்த விவசாயிக்குப் படிக்கத் தெரிந்ததோ தமிழ் மட்டும்.

நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், தைராய்டு, இதய நோய், கண் நீர் அழுத்தம் எது இருந்தாலும் அவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் உங்கள் புட்டியை அதற்கு விட்டுவிட வேண்டாம், பெரியவர்களுக்கானது 0.1 சதவீதம், சிறுவர்களுக்கானது 0.05 சதவீதம், அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.