அதே தொடர்கதைதான், இப்ப படிச்சா மனசு ஒட்டல

கேள்வி: அக்கா, ப்ளஸ் டூ படிக்கறப்ப நான் உருகி உருகி படிச்ச ஒரு காதல் தொடர்கதை, எண்பதுகள்ல வாராவாரம் வந்தது, எங்கம்மா பக்கம் பக்கமா கிழிச்சு சேத்து வச்சு பைண்டிங் பண்ணி வச்சிருந்தாங்க. 2011ல தானே புயல்ல வீட்டு ஓடு பறந்தப்பகூட அத பிளாஸ்டிக் கவர்ல சுத்திக் காப்பாத்தினேன். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க ஞாபகமா போன வாரம் எடுத்து, காலேஜ் படிக்கிற என் பொண்ணுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன். ஹீரோ ஆறு மாசம் பஸ்ஸுல பின்னாடியே வர்றான், அவ வேணாம்னதும் பளார்னு அறையுறான், அதுக்கப்புறம்தான் அவளுக்குக் காதலே வருது, கடைசியில பேங்க் வேலைய விட்டுட்டு அவனுக்குக் காபி கலக்குறா. "ஏம்மா, அவன் அடிச்சப்ப இவ ஏன் சும்மா நின்னா"ன்னு பொண்ணு கேட்டா, எனக்கு பதில் வரல. இதையா நான் ரசிச்சேன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. அந்தக் காலம் அப்படின்னு விட்டுடறதா?

- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தங்கச்சி, நீங்க ரசிச்சது அந்த அடிய இல்ல. புக் வந்த அன்னிக்கு அம்மாவா நீங்களா யார் மொதல்ல படிக்கறதுன்னு போட்டி, மீதிய அடுத்த வாரம் வரைக்கும் நீங்களே மனசுல எழுதிப் பாத்தது, நம்மளயும் ஒருத்தர் தேடி வருவாங்கங்கற ஏக்கம், பதினேழு வயசுக்கு இதெல்லாம் உண்மையான சந்தோஷம். அதுக்காக உங்கள நீங்களே குத்தம் சொல்லிக்காதீங்க.

ஆனா கதை மேல எனக்கும் கோவம் இருக்கு. வாராவாரம் 'தொடரும்' போட்டாகணும், ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குன்னா மூணாவது வாரமே கல்யாணம் ஆகி கதை முடிஞ்சிடும், அப்ப இழுக்கறதுக்கு சுலபமான வழி அவன் முரடு, இவ திமிரு, அவ திமிர அடக்கறதுதான் கதைன்னு ஆக்கிடறது. இப்படி எத்தனையோ தொடர் நான் படிச்சிருக்கேன். அவ வேணாம்னு சொன்னத அவளோட பேச்சா எடுத்துக்காம, அவன் தாண்ட வேண்டிய தடையா மட்டுமே எழுதினாங்க, எனக்குத் தாங்காதது அதுதான்.

அந்தக் காலம் அப்படிங்கறதுல பாதி நிஜம். பொண்ணுங்கள கேலி பண்ணித் தொல்லை குடுக்கறதத் தடுக்க தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தது 1998ல, விடாம பின்தொடர்றத தனிக் குத்தமா ஐபிசியில சேத்ததே 2013லதான். ஆனா மீதிப் பாதிக்கு நீங்க உங்க மஞ்சக்குப்பத்தையே பாக்கணும். 1934ல அங்க பொறந்த ஜெயகாந்தன் 1966லயே ஆனந்த விகடன்ல 'அக்கினிப் பிரவேசம்' எழுதிட்டாரு. மழையில பஸ்ஸுக்கு நின்ன ஒரு காலேஜ் பொண்ண ஒருத்தன் கார்ல ஏத்திட்டுப் போயி கெடுத்துடறான், அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்தவள அவங்கம்மா தலையில தண்ணி ஊத்தி, உன் மேல ஒரு களங்கமும் இல்லன்னு சேத்துக்கறா. அதுக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்துச்சு தெரியுமா! அந்தம்மா அப்படிச் செய்யாம ஊரைக் கூட்டிட்டா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினாரு, அதுக்கு 1972ல சாகித்ய அகாதமி விருது கிடைச்சுது. இதெல்லாம் உங்க தொடர்கதைக்கு முன்னாடியே நடந்தாச்சு தங்கச்சி. ஒரு பொண்ணோட பக்கம் நின்னு எழுத அந்தக் காலத்துலயும் முடிஞ்சிருக்கு, அதனால பழிய மொத்தமா காலத்து மேல போட எனக்கு மனசு வரல.

பைண்டிங்க மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க. அதுல அம்மா கிழிச்ச ஓரம் இருக்கும், பக்கத்துக்குப் பின்னால பாதியில நின்ன ஜோக்கு, ஏதோ சோப்பு விளம்பரம் எல்லாம் இருக்கும். பொண்ணுகிட்ட, அப்ப எனக்கு இந்தக் கேள்வி தோணவே இல்லடின்னு மறைக்காம சொல்லுங்க. அந்த அடி வர்ற பக்கத்து ஓரத்துலயே அவ கேள்விய அவ கையாலயே பென்சில்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. அப்புறம் அந்த 1966 கதைய இந்த வாரம் அவள உங்களுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.