பிசானமும் விஸ்காமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் வீரவநல்லூர். இந்த வருஷம் காமர்ஸ் குரூப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்க ஆசை. பள்ளிக்கூட விழா எதுவானாலும் மைக் என் கையில்தான் இருக்கும். போனிலேயே வீடியோ எடிட் பண்ணவும் தெரியும். அப்பா விவசாயம். “பேசுறதுக்கும் படம் பிடிக்கிறதுக்கும் மூணு வருஷம் காலேஜா? பாரதியார் எந்தக் காலேஜ்ல போய் பத்திரிகை படிச்சாரு? பேசாம பி.காம் சேரு” என்கிறார். சித்தப்பாவோ அது சினிமாவுக்குப் போகிறவர்கள் படிப்பு என்று பயமுறுத்துகிறார். நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். படிக்கலாமா? வேலை கிடைக்குமா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள மகளுக்கு,

பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோவிச்சுக்காதே.

உன் அப்பா கேட்டது சரியான கேள்வி. எட்டயபுரத்து பாரதி 1904-ல் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது கையில் பட்டம் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வந்ததே 1947-ல்தான். அவர் வேலையை மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இன்றைக்கு அந்த மேசைகளில் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. சேர்ந்த அன்றைக்கே ‘ரெண்டு பக்கம் முடிச்சுக் குடு’ என்பார்கள். அதனால் தப்புத்தப்பாகச் செய்து பார்க்கத் தனியாக ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கல்லூரி அதற்குத்தான். இதை அப்பாவிடம் அப்படியே சொல்.

எனக்கு உறுத்துவது உன் காரணம். மைக் பிடிக்கத் தெரியும், எடிட் பண்ணத் தெரியும் என்கிறாய். உன்னோடு சேரப்போகிற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கும்.

விஸ்காமில் படம் வரைவது, போட்டோ, டிசைன், வானொலி, டிவி, விளம்பரம், ஊடகச் சட்டம் எல்லாம் உண்டு. நடுவில் இன்டர்ன்ஷிப், கடைசியில் ஒரு குறும்படம் அல்லது புராஜெக்ட். முதல் வருஷத்திலேயே பெட்டியும் அம்புக்குறியுமாக ஒரு படம் பாடத்தில் வரும். ஷானன் என்பவர் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தபோது 1948-ல் எழுதிய கட்டுரையில் உள்ளது. ஒரு முனையில் அனுப்புகிறவர், மறுமுனையில் பெறுகிறவர், நடுவே புகுந்து செய்தியைக் கெடுக்கிற இரைச்சல். பரீட்சையில் வரைந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த இரைச்சல் புரிந்தது சேரன்மகாதேவி டீக்கடை ஒன்றில்.

பத்திரிகையில் சேர்ந்து இரண்டாம் வருஷம். கன்னடியன் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் ஒரு செய்தி அனுப்பினேன். ‘பிசான சாகுபடி தொடங்கியது’ என்று முதல் வரி. தலைமை அலுவலகத்தில் செய்தி திருத்துகிறவர் வெளியூர்க்காரர். முதல் நெல் போகத்தைக் கார் என்றும் அடுத்ததைப் பிசானம் என்றும் நாம் இரண்டு பூ சொல்வது அவர் காதில் விழுந்ததே இல்லை. எழுத்துப்பிழை என்று நினைத்து ‘பாசன சாகுபடி’ ஆக்கிவிட்டார். மறுநாள் காலையில் ஒரு பெரியவர் பேப்பரை என் டம்ளருக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். “ஏம்பா, இப்பதான் பாசன சாகுபடியா? அப்ப கார்ல நாங்க நட்டது என்ன, மானாவாரியா?” டீ மாஸ்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். காசு கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் வந்துவிட்டேன்.

திருத்தியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இலக்கணம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், பக்கம் கட்டுவதில் கில்லாடி. தெரியாத ஒரு சொல் கண்ணில் பட்டதும் எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது என்பதை இந்தப் படிப்பு கற்றுக்கொடுத்துவிடும். எதைச் சொல்வது என்பதற்கு அதில் பேப்பர் கிடையாது, அதை நீதான் சம்பாதிக்க வேண்டும். காயாமொழி ஆதித்தனார் லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்தவர். அப்புறம்தான் 1942-ல் மதுரையில் தினத்தந்தி. உன்னிடம் காமர்ஸ் இருக்கிறது. அதைக் கைகழுவிவிடாதே. கூட்டுறவுச் சங்கத்து வரவுசெலவு, பேரூராட்சி பட்ஜெட், உங்கள் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்களின் பி.எஃப் கணக்கு, இதையெல்லாம் வாசித்துவிட்டு ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எத்தனை நிருபர்களால் முடியும் என்கிறாய்? நான் பார்த்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கே வராது.

அடுத்த கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தால் தூங்காமல் உட்கார்ந்து பார். எல்லாரும் வில்லைத் தட்டுகிற வீசுகோல் பிடித்திருக்கிற புலவரையே பார்ப்பார்கள். நீ பக்கப்பாட்டுக்காரரைக் கவனி. ‘ஆமா’ போடுவது மட்டும்தான் அவர் வேலை போலத் தோன்றும். கூட்டம் அசந்துவிட்டால், பின்வரிசைக்குக் கதை பிடிபடாமல் போனால், “அதென்ன அப்படிச் சொல்லிட்டீங்க?” என்று ஒரு கேள்வி போடுவார். புலவர் அதே இடத்தை வேறு விதமாகத் திரும்பச் சொல்வார். ஷானன் படத்தில் இந்த ஆளுக்கு இடமில்லை. பின்னால் வந்தவர்கள்தான் பின்னூட்டம் என்று ஓர் அம்புக்குறி சேர்த்தார்கள். மைக் பிடித்துப் பழகிய உனக்கு இந்தப் பக்கப்பாட்டு வேலைதான் கஷ்டமாக இருக்கும். காலேஜ் திறக்கிறதுக்கு முன்னால் உன் அப்பாவிடம் போனை வைத்து அரைமணி நேரம் பேச்சைப் பதிவு பண்ணு. மடை திருப்புவதில் சண்டை வந்த கதை ஒன்றாவது அவரிடம் இருக்கும். நடுவில் நீ எத்தனை தடவை குறுக்கே பேசினாய் என்று அப்புறம் போட்டுக் கேட்டுப்பார்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பச் சம்பளம் கம்மி, பெரும்பாலும் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். டிவி டெஸ்க், விளம்பர ஏஜென்சி, கல்யாண வீடியோ, கம்பெனிகளின் சோஷியல் மீடியா, தொண்டு நிறுவனங்களில் மக்கள் தொடர்பு என்று பிழைக்க வழி உண்டு. வாத்தியார் வேலை வேண்டுமென்றால் மேலே எம்.ஏ., நெட் தேர்வு. அதற்குக்கூட அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. வங்கித் தேர்வுக்கும் குரூப் 2-க்கும் இதுவும் பட்டம்தான் என்பதை அப்பாவிடம் மறக்காமல் சொல். சித்தப்பாவின் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. சினிமாவுக்குப் போகிறவர்கள் பி.காம் படித்தும் போகிறார்கள்.

சேரும்முன் இரண்டு மூன்று கல்லூரிகளை நேரில் போய்ப் பார். பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாகத்தான் நடத்துவார்கள், ஃபீஸ் கொஞ்சம் கடிக்கும். லேபைத் திறந்து காட்டச் சொல். கேமரா எத்தனை, பிள்ளைகள் கைக்கு அது வருமா, இல்லை பீரோவுக்குள்ளேயே இருக்குமா என்று கடைசி வருஷத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. விதைநெல் வாங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்.